கேள்வியை விடுங்கள், மாவைப் பிசையுங்கள்

டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில், ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் வியாழன்தோறும் கூடும் பெண்களுடன் 6 ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். எல்லோரும் 60 வயதைக் கடந்த மெக்சிக்க-அமெரிக்கர்கள். கணவனின் அடி உதையிலிருந்து வெகுகாலம் கழித்து வெளியே வந்தவர்கள். இப்படி ஒருவருக்குத் துணை நிற்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"இத்தனை வருடம் ஏன் பொறுத்தீர்கள்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். நான் கேட்டேன். 71 வயதுக்காரர் ஒருவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுபடி வர இரண்டு மாதம் ஆயிற்று. 'அகுவான்தார்' என்பார்கள்: தாங்கிக்கொள்வது. "வாய் திறக்காமல் இருந்தால்தான் நீ அழகு" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தப் பொறுமையால்தான் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். அதைப் போய்க் குற்றமாக்கலாமா?

பெயருக்கு முன் 'தோன்யா' சேர்த்து அழையுங்கள். வசவே கேட்டுப் பழகிய காதுக்கு அந்த மரியாதை பெரிது.

பேச்சு வர, கைக்கு வேலை வேண்டும். டிசம்பரில் நாங்கள் தமாலே செய்வோம். காய்ந்த சோள மடல்களை வெந்நீரில் ஊறவைத்து, பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மக்காச்சோள மாவை அதில் தடவி, மிளகாய்ச் சாற்றில் வெந்த இறைச்சியை வைத்து மடிக்க வேண்டும். நூறு, இருநூறு என்று போய்க்கொண்டே இருக்கும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு "சொல்லுங்கள்" என்றால் மௌனமாக இருப்பவர்கள், மூன்றாவது டஜனில் தாமாகவே தொடங்குவார்கள். அப்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்காதீர்கள், மடித்துக்கொண்டே கேளுங்கள். ஸ்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும். பேத்தியை மட்டும் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். பேத்தி எதிரில் இருந்தால் பாதிக்கதை உள்ளேயே நின்றுவிடும்.

அடுத்தது பணம். இவர்களில் பலர் வீட்டுவேலைக்குக் கையில் கூலி வாங்கியவர்கள். சொந்த ஓய்வூதியம் சொற்பம். விவாகரத்துக்கு முன் திருமணத் தேதியைப் பாருங்கள். மணவாழ்வு 10 ஆண்டு நீடித்திருந்து, மறுமணமும் செய்யாதிருந்தால், 62 வயதிலிருந்து முன்னாள் கணவரின் கணக்கில் சமூகப் பாதுகாப்புத் தொகை, அதாவது அரசு தரும் ஓய்வூதியம், கோரலாம். முழு ஓய்வு வயதில் அது அவருடைய தொகையில் பாதிவரை வரும். அவருக்கு ஒரு டாலரும் குறையாது; அவர் சம்மதமும் தேவையில்லை. ஒன்பதரை ஆண்டில் இருப்பவர் வழக்கறிஞரைக் கேட்காமல் அவசரப்பட வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு.

"என்னால்தான் உனக்கு இந்த நாட்டில் இடம்" என்று மிரட்டப்பட்டவரையும் வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள். கணவன் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்த நாட்டில் தங்கும் உரிமைக்கு அவனுக்குத் தெரியாமலே அவள் விண்ணப்பிக்க வழி உண்டு.

தேசிய உதவி எண் 1-800-799-7233. இரவு பகல் எந்நேரமும் ஸ்பானிய மொழியிலும் பேசுவார்கள். அவன் பார்க்கக்கூடிய தொலைபேசியிலிருந்து அழைக்க விடாதீர்கள். உங்களுடையதைக் கொடுங்கள்.

கணவன் நோயில் விழுந்தால் சிலர் பணிவிடை செய்யத் திரும்பிப் போவார்கள். அப்போதும் திட்டாதீர்கள். வியாழக்கிழமை அவருடைய நாற்காலியை எடுத்துவிடவும் வேண்டாம்.