மலை ஏரியில் விலங்கு மிதவையுயிரிகள்: மாதிரி எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் ஏரியிலோ ஊட்டி ஏரியிலோ ப்ராஜெக்ட் செய்யும் விலங்கியல் மாணவர்கள் பலர் 'விலங்கு மிதவையுயிரிகள் (நீரில் மிதந்து வாழும் மிகச் சிறிய விலங்குகள்) மிகக் குறைவு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை ஏரியில் இருக்காது. போன நேரம், கொண்டுபோன வலை, ஊற்றிய மருந்து, இவற்றில்தான் இருக்கும்.

முதலில் நேரம். காலை பஸ் பிடித்து மலையேறி, பதினொரு மணிக்குப் படகுத்துறையில் நின்று ஒரு வாளி மேல்நீரை மொள்வதுதான் வழக்கம். டாப்னியா என்னும் நீர்த்தெள்ளும் கோபிபாட் என்னும் சிறு ஓட்டுயிரியும் பல ஏரிகளில் பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன்களிடமிருந்து தப்பத்தான் இந்த இறக்கம். இருட்டியதும் மேலே வந்து பாசியை மேயும். பகலில்தான் போக முடியும் என்றால், நடு ஏரிக்குப் படகில் போய், வலையைத் தரைக்குச் சற்று மேலே வரை இறக்கி நேராக மேலே இழுங்கள். தரையைத் தொட்டால் சேறுதான் வரும். கரையோரச் செடிகளுக்குள் எடுத்த நீரை நடு ஏரி மாதிரியோடு கலக்கவே கூடாது. கைடோரஸ், அலோனா போன்ற சிறு நீர்த்தெள்ளுகள் செடிகளை ஒட்டி வாழ்பவை. அவற்றுக்குத் தனி பாட்டில் வேண்டும்.

அடுத்தது வலைக்கண். 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வலையில் டாப்னியா நிற்கும். கெரடெல்லா போன்ற சிறு ரோட்டிபர்களும் (சக்கர உயிரிகள்) கோபிபாட் குஞ்சுகளும் ஒழுகிப் போய்விடும். 50 அல்லது 60 மைக்ரான் வலை வேண்டும். ஆனால் பச்சைப் பாசி மண்டிய நீரில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மெதுவாக இழுக்க வேண்டும்.

எத்தனை லிட்டர் நீர் வலைக்குள் போனது என்று குறிக்காமல் விட்டால் எண்ணியதெல்லாம் வீண். 50 லிட்டரை வடிகட்டி 50 மில்லியாகச் சுருக்கி, அதில் 1 மில்லியில் 12 விலங்குகள் இருந்தால், லிட்டருக்கு 12. 30 செ.மீ. வாய் அகலமுள்ள வலையை 5 மீட்டர் இழுத்தால் உள்ளே போவது ஏறத்தாழ 350 லிட்டர். அதையும் 50 மில்லியாகச் சுருக்கி, அதே 12 கிடைத்தால், லிட்டருக்கு இரண்டுகூட இல்லை. வலை அடைத்திருந்தால் இந்தக் கணக்கும் சரிவராது. அந்த 1 மில்லியை எடுக்கும் முன் பாட்டிலை மெதுவாகக் கலக்குங்கள், அகன்ற வாயுள்ள பிப்பெட் வையுங்கள். குறுகிய பிப்பெட்டில் பெரிய டாப்னியா ஏறாது.

அதிகம் கெட்டுப்போவது பதப்படுத்துவதில்தான். பிடித்தவுடன் வெறும் பார்மலினை ஊற்றினால் டாப்னியாவின் உடல் உப்பும், ஓடு விரியும், முதுகுப் பையிலிருந்த முட்டைகள் வெளியே சிதறும். ஒரு தாய்க்கு எத்தனை முட்டை என்பது அந்த ஏரியில் தீனி எப்படி இருக்கிறது என்று காட்டும் கணக்கு. அது அங்கேயே போயிற்று. 4 சத பார்மலின் கரைசலில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கரைத்துச் சேர்த்தால் இந்தச் சேதம் பெருமளவு குறையும். மெல்லுடல் ரோட்டிபர்களோ பார்மலின் பட்டதும் சுருண்டு உருண்டையாகிவிடும், எந்த இனம் என்றே சொல்ல முடியாது. கொஞ்சம் சோடா ஊற்றி மயக்கிவிட்டு அப்புறம் பார்மலின் சேருங்கள். டி.என்.ஏ. பார்க்க வேண்டிய மாதிரிக்குப் பார்மலின் வேண்டாம், ஆல்கஹால்தான். உயிரோடு கொண்டுபோவதென்றால் பாட்டிலை விளிம்புவரை நிரப்பாதீர்கள். மலையின் குளிர்ந்த நீர் வத்தலக்குண்டு இறங்குவதற்குள் சூடேறி, ஆக்ஸிஜன் குறைந்து, எல்லாம் செத்துவிடும். ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

நுண்ணோக்கியில் கோபிபாட் எல்லாவற்றையும் 'சைக்ளாப்ஸ்' என்று எழுதுவது இன்னொரு பழக்கம். முட்டை சுமக்கும் பெண்ணைப் பாருங்கள்: இரு பக்கமும் இரண்டு பை தொங்கினால் சைக்ளாப்ஸ் வகை, நடுவில் ஒரே பை, உணர்கொம்பும் உடல் நீளத்துக்கு இருந்தால் டயாப்டமஸ் வகை. தின்னும் முறையும் வேறு. பின்னது பெரும்பாலும் பாசியை வடித்துத் தின்னும், முன்னதில் பல, பிற சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்னும். இரண்டையும் ஒன்றாக எண்ணினால் ஏரியில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதே மறைந்துபோகும்.

ரோட்டிபர் அதிகம், டாப்னியா இல்லை என்றதும் 'கழிவுநீர்' என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். கழிவு ஒரு காரணம்தான். ஆனால் ப்ரூக்ஸ், டாட்சன் என்ற ஆய்வாளர்கள் 1965-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் ஏரிகளை வைத்துக் காட்டியது வேறு: மிதவையுயிரி தின்னும் மீன் வந்த ஏரியில் பெரிய இனங்கள் மறைந்து, சிறியவை பெருகின. நம் மலை ஏரிகளிலும் மனிதர் கொண்டுவந்து விட்ட மீன்கள் இருக்கின்றன. என்ன மீன் விட்டார்கள் என்று விசாரிக்காமல் அறிக்கை எழுதாதீர்கள். மழையையும் பாருங்கள். ஐப்பசி மழையில் கொடை ஏரி நிரம்பி வழியும்போது மிதப்பவையும் வெள்ளி அருவிப் பக்கம் அடித்துக்கொண்டு போகும்.

ஒரு பருவத்தில் டாப்னியா கிடைக்கவில்லை என்பதற்காக 'அழிந்துவிட்டது' என்று எழுதுவது பெரிய தவறு. நெருக்கடி வரும்போது அது கரிய சேணம் போன்ற உறைக்குள் இரண்டு முட்டைகளை வைத்து உதிர்த்துவிடும். அவை சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். அடிச்சேற்றின் மேல்பகுதியை ஒரு தட்டில் பரப்பி, வடிகட்டிய ஏரி நீரை ஊற்றி, குளிர்ந்த வெளிச்சமான ஜன்னலோரம் இரண்டு மூன்று வாரம் வைத்து, தினமும் லென்ஸால் பாருங்கள். குஞ்சு துள்ளினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். துள்ளாவிட்டாலும் 'இந்த மாதிரிகளில் கிடைக்கவில்லை' என்பதற்கு மேல் எழுதாதீர்கள்.