வளையம் போட வருகிறவர்களே, முதலில் பென்சிலைச் சீவுங்கள்

பறவை எங்கே போய் வருகிறது என்று அறிய அதன் காலில் எண் பொறித்த வளையம் போடும் வேலைக்குத் தொண்டராக வரலாமா என்று கேட்கிறவர்களில் பாதிப்பேரின் மனதில் ஒரே படம்தான், ஒரு கையில் குருவி, மறுகையில் போன். அது நடக்கும், ஆனால் சுணங்கும். முதல் சில மாதங்களுக்கு உங்கள் கையில் இருக்கப்போவது பென்சிலும் பதிவுத்தாளும்.

தனியாகப் பறவை பிடிக்கும் வலை வாங்கி வீட்டு வளவில் கட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், அனுமதி இல்லாமல் செய்தால் வனசீவராசிகள் சட்டத்தில் மாட்டுவீர்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு நேரான வழி, கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு இயங்கும் எஃப்.ஓ.ஜி.எஸ்.எல். என்ற இலங்கைக் களப் பறவையியல் குழுவில் சேர்வது. வனசீவராசிகள் திணைக்களத்தோடு சேர்ந்து 2005இல் தேசிய வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். சேர்வதற்கு முன் தலங்கம, பெத்தகான, தியசரு பூங்கா என்று ஈரநிலப் பக்கமாக நாலைந்து விடியற்காலைகள் சுற்றி, மாம்பழக்குருவியையும் கொண்டைக்குருவியையும் சத்தத்திலேயே பிரித்தறியப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வலை கட்டும் நாளில் இருட்டோடு எழும்ப வேண்டும். மங்கலான நிறத்தில் நீண்ட கை வைத்த சட்டை போடுங்கள். நுளம்பு மருந்தை உள்ளங்கையில் பூசாதீர்கள், அது இறகில் ஒட்டிவிடும். மிஸ்ட் நெட் என்பது மெல்லிய நூல் வலை, இரண்டு கம்புகளுக்கிடையே தட்டுத் தட்டாகத் தொங்கும். பறவை மோதி அடியிலுள்ள தொய்வான பையில் விழுந்து கிடக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒரு சுற்றுப் போக வேண்டும், வெயில் ஏறினால் இன்னும் அடிக்கடி, மழை வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டியதுதான். கொழும்பில் பெரிய தலையிடி காகம். சிக்கிய குருவியைக் கண்டால் அது சும்மா இருக்காது, அதனால் புதிதாக வருகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது காகம் விரட்டும் வேலை. சிரிக்காதீர்கள், அந்த வேலையில் கவனம் பிசகினால் ஒரு உயிர் போய்விடும். சிக்கிய பறவையை நீங்களே எடுக்கப் போகவும் வேண்டாம். பயிற்சி பெற்றவரைக் கூப்பிட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

இனிப் பதிவுத்தாள். வளைய எண், இனம், வயது, சிறகின் நீளம், எடை என்று மேசையில் இருப்பவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். எடை என்றால் பறவையைப் போட்டிருக்கும் துணிப்பையோடு நிறுத்துவிட்டுப் பிறகு பையின் எடையைக் கழிப்பார்கள், எந்த எண் எது என்று குழம்பாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் சிங்களத்தில் ஆறுக்கு 'ஹய', ஏழுக்கு 'ஹத' என்பது காதில் ஒன்றாகவே விழும், எட்டுக்கு 'அட' என்றால் எதையோ பார்த்து வியக்கிறார்கள் என்று நினைத்துப் பேனையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு இலக்கம் பிழைத்தால் அந்தப் பறவை நாளைக்கு வேறு எங்காவது பிடிபட்டாலும் எங்கே வளையம் போட்டது என்று தெரியாமலே போய்விடும். மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திய கடற்காகம் ரஷ்யாவின் வடகோடி வரை போனதை வழிநெடுகப் பார்க்க முடிந்தது, சரி, ஆனால் பத்துப் பதினைந்து கிராம் குருவிக்கு அந்தக் கருவியை எப்படிக் கட்டுவது? அதற்கு அலுமினிய வளையமும் உங்கள் கையெழுத்தும்தான்.

மேசையில் இருப்பவர் பறவையின் வயிற்று இறகை மெல்ல ஊதிப் பார்ப்பதைக் கவனியுங்கள். தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரிவது கொழுப்பு, மார்ச், ஏப்ரலில் வடக்கே புறப்படும் பறவைகளிடம் அது நன்றாகத் திரண்டிருக்கும். பறவை கண்ணை மூடி மூச்சு வாங்கினால் அளவெல்லாம் வேண்டாம், விட்டுவிடுவார்கள். எண் போச்சே என்று முகத்தைத் தூக்காதீர்கள்.

வலைப் பக்கமே வர முடியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒக்டோபர் வாக்கில் வந்து சேரும் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் வெள்ளவத்தை மாடிவீடுகளின் கண்ணாடியில் மோதி விழும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தெளிந்ததும் மரமுள்ள இடத்தில் விடுங்கள். காலில் வளையம் இருந்தால் கழற்றாமல் எண்ணைப் படம் எடுத்து, இடமும் திகதியும் சேர்த்து விலங்கியல் துறைக்கு அனுப்புங்கள். செத்த பறவை என்றாலும் அதே மாதிரித்தான்.

அப்புறம், வேலை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது துணிப்பைகளை யார் தோய்ப்பது என்று ஒரு பேச்சு வரும். புதிதாக வந்தவரைத்தான் பார்ப்பார்கள். உட்புறத்தை வெளியே திருப்பித் தோய்த்து, வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, அடுத்த முறை மறக்காமல் கொண்டு வாருங்கள்.