பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு: கயிறு, ஓலை, சக்கரம், கொஞ்சம் மணல்

ஆண்டுவிழா மேடையில் பிள்ளைக்கு ஒட்டுமீசை வைத்து, ஜிகினா கிரீடம் மாட்டி, "நான்தான் மார்த்தாண்ட வர்மா" என்று ரெண்டு வரி சொல்ல வைத்தால் அது வரலாறு ஆகிவிடாது. மீசை அரித்தது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து ஆள் ஒருவர் கையால் செய்த வேலையை, அல்லது மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கணக்கைப் பிள்ளை தானே செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் "ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்ற கேள்வி அவன் வாயிலிருந்தே வரும். நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதற்கு அப்புறம்தான்.

குமரி மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1956 வரைக்கும் நாம் திருவிதாங்கூர் பக்கம். பாடப்புத்தகத்தில் சேர சோழ பாண்டியர் வருகிற அளவுக்கு நம் வாசலில் கிடக்கிற இந்தக் கதை வருவதில்லை, ஆனால் அதன் மிச்சங்கள் எல்லாம் பஸ் ஏறிப் போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாலைந்து பேர், ஒரு முற்றம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் கயிறு. பதிமூன்று மீட்டர் தும்புக்கயிறு வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் ஒரு வருடம். கயிற்றின் ஒரு முனை கி.பி. 825, அதாவது மலையாள வருடக் கணக்கான கொல்லம் ஆண்டு தொடங்கிய வருடம். அங்கிருந்து டேப்பால் அளந்து துணிக்கிழிசல் கட்டிக்கொண்டே போக வேண்டும். 41 சென்டிமீட்டரில் 866, ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவபுரம் கோயிலுக்குச் செப்பேடு கொடுத்த வருடம். 7 மீட்டர் 19-இல் 1544, சவேரியார் நம் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு நடந்தது. 9 மீட்டர் 16-இல் 1741, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போர். 9 மீட்டர் 70-இல் 1795, தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. 11 மீட்டர் 31-இல் 1956. அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் தன் பிறந்த வருடத்தைத் தானே கழித்துப் பார்த்துக் கட்டட்டும்.

கட்டி முடித்ததும் பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவது நடுவில் கிடக்கிற வெறுங்கயிறுதான். ஆறு மீட்டருக்கு மேல் ஒரு துணிகூட இல்லை. "அப்போ ஒண்ணுமே நடக்கலியா?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். சுசீந்திரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் இருக்கிற கல்வெட்டுகளைக் காட்டுங்கள். கயிற்றில் துணி இல்லாததற்குக் காரணம் நமக்குத் தெரியாததுதான், எதுவும் நடக்காதது இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கூடவே ஒரு கணக்கு. ஆவணிக்கு முன்னால் பிறந்த பிள்ளை தன் ஆங்கில வருடத்தில் 825-ஐக் கழித்தால் கொல்லம் ஆண்டு கிடைக்கும், ஆவணிக்கு அப்புறம் பிறந்திருந்தால் 824. 2015 ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு 1190, அதே வருடம் அக்டோபரில் பிறந்ததற்கு 1191. வீட்டில் பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) ஏதாவது இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும். நகல் எடுத்துக் கொடுங்கள், அசலைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது ஓலை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ரொம்ப முற்றாத பனையோலையை வாங்கி, ஈர்க்கை நீக்கி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். மஞ்சள்பொடி போட்ட தண்ணீரில் அரைமணி நேரம் வேகவைத்து, நிழலில் காயவைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ரெண்டு நாள் வைத்தால் சுருளாமல் நிற்கும். வழுவழுப்பான கூழாங்கல்லால் ஒரு தேய்ப்பு. எழுத்தாணிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் போதும், முனையை மட்டும் உப்புத்தாளில் உரசிக் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள்.

முதல் தடவை எல்லாப் பிள்ளையும் பேப்பரில் எழுதுகிற மாதிரி அழுத்தி இழுக்கும், ஓலை நரம்போடு கிழிந்துவிடும். கிழியட்டும். ஓலையை இடது கையில் பிடித்து, இடது பெருவிரலால் எழுத்தாணியைத் தாங்கித் தள்ளி, ஓலையையும் மெதுவாக நகர்த்திக்கொண்டு எழுதினார்கள் என்று அப்போது காட்டுங்கள். நரம்பு போகிற திசையில் நீளக்கோடு இழுத்தால் கிழியும், வளைத்து எழுதினால் அவ்வளவு கிழியாது என்பது அஞ்சு நிமிடத்தில் அவர்களுக்கே பிடிபடும். எழுதியது முதலில் கண்ணுக்கே தெரியாது. சிரட்டையை விளக்குச் சுடருக்கு மேல் பிடித்துக் கரி சேர்த்து, ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஓலை முழுக்கப் பூசி, ஈரத்துணியால் துடைத்தால் கீறிய இடத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். அந்த நிமிடம் வருகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். கரி எடுக்கிற வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

இப்போது விளையாட்டு. பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஏகார ஓகாரத்துக்குத் தனிக் கொம்பும் கிடையாது, சொல்லுக்குச் சொல் இடமும் விடமாட்டார்கள். அதே மாதிரி ஒரு அணி எழுதி இன்னொரு அணியிடம் கொடுக்க வேண்டும். "அவனகெடடான" என்று ஓலை வந்தது. ஒருத்தி "அவன் கெட்டான்" என்றாள், இன்னொருத்தன் "அவன் கேட்டான்" என்றான், எது சரி? முன்னாலும் பின்னாலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு இதுதான் என்று அரைமணி நேரம் பேசினாலும் ஏறாதது இந்த ஒரு வரியில் ஏறிவிடும்.

சந்தை விளையாட்டுக்கு திருவிதாங்கூர் காசு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக ரூபாய்க்கு 28 சக்கரம். புளியங்கொட்டை காசு, மஞ்சாடி விதை சக்கரம், சோடா மூடி பணம், வட்டமாக வெட்டிய அட்டை ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரத்துக்கு மஞ்சாடி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிச் சக்கரம் ரொம்பப் பொடி நாணயம், ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது விடிந்துவிடும். அதனால் வரிசை வரிசையாகக் குழி செதுக்கிய சக்கரப்பலகை வைத்திருந்தார்கள். நாணயத்தைக் குவித்துக் கொட்டி, பலகையை ஆட்டி, மிச்சத்தை வழித்துவிட்டால் குழிக்கு ஒன்றாக நின்றுவிடும், எண்ண வேண்டியதே இல்லை. தெர்மோகோல் துண்டில் பேனா மூடியால் பத்துக்குப் பத்து குழி அழுத்தினால் நம் பலகை தயார். இருநூறு மஞ்சாடியை ஒருவன் விரலால் எண்ணட்டும், இன்னொருத்தி பலகையால் எண்ணட்டும், யார் முந்துகிறார்கள் பாருங்கள்.

அப்புறம் கடை போடுங்கள். தோவாளைப் பக்கத்து நெல், குளச்சல் கருவாடு, விளவங்கோட்டுக் கருப்பட்டி. விலையைப் பிள்ளைகளே வைக்கட்டும், இது அந்தக் காலத்து விலை இல்லை, நாம் வைத்தது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளை ஆரல்வாய்மொழி வழியாக வருகிற திருநெல்வேலி வியாபாரி. அவன் கையில் பிரிட்டிஷ் ரூபாய். அதற்கு 28 சக்கரம் 8 காசு, சர்க்கார் ரூபாயைவிட அரைச் சக்கரம் கூடுதல். மாற்றிக் கொடுக்கிறவன் அந்த எட்டுக் காசை அமுக்கப் பார்ப்பான், பார்க்கத்தான் வேண்டும். வழியில் ஒரு மேசை போட்டு சவுக்கை (சுங்கச்சாவடி) வைத்து, சுங்கம் வாங்குகிறவராக ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். மிளகும் புகையிலையும் சர்க்கார் மட்டுமே விற்கலாம் என்பது அன்றைய சட்டம், அதனால் மிளகுப் பொட்டலம் வைத்திருக்கிறவன் மாட்டாமல் தாண்ட வேண்டும். ஒரு பொருளைச் சர்க்கார் கையில் வைத்துக்கொண்டால் கள்ளக்கடத்தல் ஏன் முளைக்கிறது என்று பொருளாதாரப் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓடி ஆட வேண்டும் என்கிற கூட்டத்துக்கு அஞ்சல் ஓட்டம். திருவிதாங்கூருக்கு 1951 வரைக்கும் தனி அஞ்சல் இருந்தது, மணி கட்டிய கோலோடு ஆள் ஓடிக் கடிதம் கொண்டுபோனார். கம்பில் சலங்கை கட்டி, நூறு மீட்டருக்கு ஒருவராக நிறுத்தி, கடிதப்பை கைமாறி ஓடட்டும். ஆன நேரத்தைக் குறித்து, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற திருவனந்தபுரத்துக்கு நாகர்கோவில் கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

குளச்சல் போருக்கு ஈரமணல். முற்றத்தில் ஒரு சாக்கு மணல் கொட்டி, ஒரு பக்கம் கடல், எதிர்ப்பக்கம் கல்குளம் கோட்டை, அதாவது இன்றைய பத்மநாபபுரம். டச்சு அணிக்குப் பீரங்கியும் கப்பலும் உண்டு, ஆனால் கரையில் எடுத்துச் செல்லும் சோறும் வெடிமருந்தும் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மார்த்தாண்ட வர்மா அணிக்கு ஆள் உண்டு, ஆனால் பெரும்பாதிப் படை வடக்கே இருக்கிறது, வந்து சேர மூன்று முறை ஆட்டம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்ன செய்யப்போகிறோம் என்று அணி கூடிப் பேசித்தான் காயை நகர்த்தலாம். பெரும்பாலும் டச்சு அணி ஓடி வந்து கோட்டையை முற்றுகை போட்டு, அப்புறம் சோறு இல்லாமல் முழிக்கும். நிஜத்திலும் அவர்கள் குளச்சலுக்குப் பின்வாங்கி, 1741 ஆகஸ்டில் சரணடைந்தார்கள். இவ்வளவும் எதற்காக என்று யாராவது கேட்டால் அடுக்களையிலிருந்து நாலு நல்லமிளகை எடுத்துக் கையில் வையுங்கள்.

ஒரு செவிவழிக் கதையும் இருக்கிறது. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நிற்க, கப்பலில் இருந்தவர்கள் துப்பாக்கி என்று பயந்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இதை விடாதீர்கள், ஒரு வழக்காகவே நடத்துங்கள். யார் சொன்னது, பார்த்தவரா கேட்டவரா, டச்சுக்காரன் தன் மேலதிகாரிக்கு எழுதும்போது இதை எழுதுவானா? தீர்ப்பு எதுவானாலும் பரவாயில்லை.

போகிற இடங்களுக்கு வருவோம். உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை இருக்கிறது. குளச்சலில் பிடிபட்டு, பிடித்த ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-இல் இங்கேயே இறந்தவர். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன, தமிழை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள், ஓலை விளையாட்டு விளையாடிய பிள்ளைகள் திணறாமல் வாசிக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்கு திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசு, அது ஏன் என்பதை டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே பேசிவிடலாம். உள்ளே போய் எல்லா அறையையும் ஓடி ஓடிக் காட்டாமல், ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள் என்று பிரித்துவிடுங்கள். ஒருவனுக்கு மணிக்கூண்டு, ஒருத்திக்கு ஊட்டுப்புரை (சாப்பாட்டுக் கூடம்), ஒருத்திக்குக் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த தரை என்று சொல்வார்கள். வீட்டுக்கு வந்து ஒரு சின்ன ஓட்டில் அதே கலவையைப் பூசி, இறுகும்போது கூழாங்கல்லால் தேய்த்துப் பாருங்கள். பாதி பளபளப்புகூட வராது, அரண்மனைத் தரைக்கு எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேய்த்திருப்பார்கள் என்று பிள்ளை யோசித்தால் போதும். சுண்ணாம்பில் பெரியவர்கள்தான் கை வைக்க வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து.

எல்லாவற்றையும் விளையாட்டாக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். தோள்சீலைப் போராட்டத்தையும் தீண்டாமையையும் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். "நீ தள்ளி நில்லு" என்று ஒரு பிள்ளையிடம் இன்னொரு பிள்ளையைச் சொல்ல வைப்பதில் பாடம் எதுவும் இல்லை, அந்தக் கூட்டத்தில் யார் வீட்டில் என்ன வலி இருக்கிறது என்று நமக்குத் தெரியவும் தெரியாது. உட்கார வைத்துப் பேசுங்கள். கயிற்றில் 1859-க்கு ஒரு துணி, அதுவரை தடுக்கப்பட்டிருந்த பெண்கள் மேலாடை போடலாம் என்று அந்த வருடம்தான் அரசாணை வந்தது. 1936-க்கு ஒன்று, கோயில் நுழைவுப் பிரகடனம். ரெண்டுக்கும் நடுவில் 77 சென்டிமீட்டர். அதை ஒரு பிள்ளை கையால் அளந்து பார்க்கட்டும்.

கடைசியாக எல்லை ஆட்டம், இது பத்து வயதுக்கு மேல். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்ட ஒன்பது தாலுகாக்களைச் சாக்பீஸால் தரையில் வரையுங்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: அங்கே யார் என்ன பேசுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தேயிலைத் தோட்டம் உண்டா, ரோடு எந்தப் பக்கம் போகிறது. பிள்ளைகள் ஒவ்வொரு தாலுகாவுக்கும் வாதாடி ஓட்டுப் போட வேண்டும். சண்டை வரும், தேவிகுளத்தில் கட்டாயம் வரும். முடிந்த பிறகு 1956 நவம்பர் 1 வரைபடத்தை எடுத்து வையுங்கள்: முதல் நாலு தாலுகாவும் செங்கோட்டையில் பெரும்பகுதியும் இங்கே, மற்றதெல்லாம் கேரளத்தில்.

இந்த ஆட்டத்தை முடித்த கையோடு, அந்தக் காலத்தைப் பார்த்த பாட்டா பாட்டி யாராவது தெருவில் இருந்தால் அவர்களிடம் போங்கள். தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட போராட்டத்தின்போது 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டைக் கேள்விப்பட்டவர்களாவது இருப்பார்கள். போனில் பதிவு செய்யும்போது முதலில் பேசுகிறவர் பெயர், ஊர், அன்றைய தேதி, அப்போது அவருக்கு என்ன வயது என்று பிள்ளையே சொல்லித் தொடங்கட்டும். "நீங்க பார்த்தீங்களா பாட்டா, இல்ல யாரும் சொன்னாங்களா?" என்ற கேள்வியை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் கூடப் போனாலும் வாசல் திண்ணையிலேயே இருந்துகொள்ளுங்கள், பெரியவர் பக்கத்தில் இருந்தால் பாட்டா உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்.