இரண்டு பம்பும் ஒரே வேகத்தில் ஓடட்டும்

ஒரே குழாயில் இணையாகப் பொருத்திய, ஒரே மாதிரியான இரண்டு பம்புகளுக்கும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருந்தால், ஒன்றை முழு வேகத்தில் விட்டு மற்றதை மட்டும் குறைக்காதீர்கள். 80 சதவீத வேகத்தில் பம்பு தரக்கூடிய அழுத்தம் 64 சதவீதம்தான். வேகமாக ஓடும் பம்பின் அழுத்தத்தை எதிர்த்து அதனால் பெரும்பாலும் தள்ள முடியாது. தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வு மூடிக்கொள்ளும். தண்ணீர் போகாது, மின்சாரம் மட்டும் போகும், பம்பும் சூடாகும்.

சரி, இரண்டாவதை எப்போது சேர்ப்பது? 'முதல் பம்பு 100 சதவீதம் தொட்டதும்' என்பதுதான் வழக்கமான செட்டிங். அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அளவு தண்ணீரை ஒரு பம்பிலும், அப்புறம் இரண்டிலும் ஓட்டி, ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு பம்பின் செலவு எந்த ஓட்டத்திலிருந்து குறைகிறதோ, அங்கேதான் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: 'பாதி வேகம், எட்டில் ஒரு பங்கு மின்சாரம்' என்ற கணக்கு உராய்வை மட்டும் சமாளிக்கும் சுற்றுக்குத்தான் பொருந்தும். உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு ஏற்றும்போது வேகத்தை ரொம்பக் குறைத்தால் தண்ணீர் ஏறவே ஏறாது.