நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுப் பயிற்சியை அமைப்பது எப்படி?

ஆஸ்துமாவோ முதல் வகை நீரிழிவோ உள்ள குழந்தையை மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைத்து, புள்ளிக் கணக்கு எழுதச் சொல்வது பல இடங்களில் அக்கறையாகவே கருதப்படுகிறது. ஆனால் அந்தக் குழந்தையின் இதயம், எலும்பு, தசை ஆகியவற்றுக்கும் ஓட்டமும் ஆட்டமும் மற்றக் குழந்தைகளுக்குப் போலவே தேவைப்படுகின்றன. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

முதல் வேலை, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்க அளவில் மருத்துவக் குறிப்பைத் தயாரிப்பதாகும். மருத்துவரிடம் “விளையாடலாமா?” என்று மட்டும் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் கிடைக்கும், “எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும், உடனே என்ன கொடுக்க வேண்டும், எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்?” என்று கேட்டால்தான் பயிற்சியாளருக்குப் பயன்படும் குறிப்பு கிடைக்கும்.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மருத்துவர் பரிந்துரைத்திருந்தால், பயிற்சிக்குச் சுமார் 15 நிமிடங்களுக்கு முன் நிவாரண இன்ஹேலரைக் கொடுத்து, பத்து நிமிடங்கள் மெல்ல உடலைச் சூடேற்றிய பிறகு ஆட்டத்தில் இறக்க வேண்டும். மூச்சிறுக்கம் பெரும்பாலும் ஓட்டம் நின்ற சில நிமிடங்களில்தான் உச்சத்தை எட்டும் என்பதால், ஆட்டம் முடிந்தவுடன் குழந்தையைத் தனியே அனுப்பிவிடக் கூடாது. இன்ஹேலர் பூட்டிய அலுவலக அறையில் இருப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றுதான். அது மைதானத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

முதல் வகை நீரிழிவுக்குக் கூடுதல் கவனம் தேவை. தொடங்கும் முன் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், முதலில் மாவுச்சத்து கொடுத்து, அளவு உயர்ந்த பிறகே விளையாடவிட வேண்டும். 250க்கு மேல் இருந்தால், இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருளான கீட்டோனைப் பரிசோதிக்க வேண்டும், அது லிட்டருக்கு 1.5 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் அன்று விளையாட்டு கூடாது. நடுக்கம், வியர்வை, காரணமற்ற எரிச்சல் ஆகியவை தெரிந்து, அளவு 70க்குக் கீழே இறங்கியிருந்தால், ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம் என்ற கணக்கில் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். மாலையில் கடுமையாக விளையாடிய குழந்தைக்கு நள்ளிரவில் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கக்கூடும். ஆகவே, அன்று எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக ஆடியது என்பதைப் பெற்றோரிடம் சொல்லியனுப்புவதும் பயிற்சியாளரின் கடமையே. 1999இல் இந்நோய் கண்டறியப்பட்ட அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியர், 2000, 2004 ஒலிம்பிக் போட்டிகளில் 50 மீட்டர் தங்கம் வென்றார் என்பதைத் தயங்கும் பெற்றோருக்கு நான் எப்போதும் நினைவூட்டுவேன்.

வலிப்பு நோய் உள்ள குழந்தை நீந்தலாம். ஆனால் மீட்கத் தெரிந்த ஒருவர் அந்தக் குழந்தையை மட்டுமே கவனித்திருக்க வேண்டும். இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ளவர்களுக்கு நீச்சல் ஏற்றது, குத்துச்சண்டை ஆகாது. பிறவி இதயக் குறைபாட்டில் பொது விதி எதுவும் உதவாது. இதய மருத்துவர் வகுக்கும் எல்லையே எல்லை.

வழக்கமான பயிற்சியாளர் வராத நாளில்தான் இந்த ஏற்பாடுகள் நழுவுகின்றன. மாற்றாக வருபவர் அந்த ஒரு பக்கக் குறிப்பைப் படித்துக் கையொப்பமிட்ட பிறகே அன்றைய பயிற்சி தொடங்க வேண்டும்.