வண்டி ரேடியோவில் ஸ்கேனும் பேண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டியில் பொருத்துகிற டூ-வே ரேடியோவை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட், எத்தனை சேனல் என்பதைத்தான். பேண்ட், அதாவது ரேடியோ வேலை செய்யும் அலைவரிசைப் பகுதி, எது என்பதை விற்பவரிடமே விட்டுவிடுகிறார்கள். பல சேனல்களை மாறி மாறித் தேடிக் கேட்கும் ஸ்கேன் வசதி இருக்கிறதா என்று கேட்டு, "இருக்கு" என்றதும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். "கூப்பிட்டேன், பதிலே இல்லை", "பாதிப் பேச்சுதான் காதில் விழுந்தது" என்று பின்னால் வரும் புகார்கள் பலவற்றில் ரேடியோவில் பழுது எதுவும் இருக்காது. பேண்டையும் ஸ்கேனையும் யோசித்து அமைக்காததன் விளைவு அது.

ஸ்கேன் போட்டால் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் கேட்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. ரேடியோவுக்குள் இருப்பது பொதுவாக ஒரே ரிசீவர். அது ஒரு சேனலுக்குப் போய் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அடுத்ததற்குத் தாவும். எந்த நொடியை எடுத்துக்கொண்டாலும் அது ஒரு சேனலில்தான் இருக்கிறது, மற்றவற்றுக்குச் செவிடு.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். காலியான சேனலைக் கடக்க 75 மில்லிசெகண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 சேனல் கொண்ட பட்டியலை ஒரு சுற்று வர 1.2 விநாடி ஆகும். அந்தப் பட்டியலில் 5 சேனல்களில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய டோன் (யாருடைய பேச்சு என்று ரேடியோ பிரித்தறிய, பேச்சோடு சேர்ந்து போகும் அடையாளம்) வேறு. சிக்னல் தெரிந்ததும் ரேடியோ நின்று, இது நம் டோன்தானா என்று சரிபார்க்க வேண்டும். சிடிசிஎஸ்எஸ் எனும் தாழ்ந்த ஒலி வகை டோனை அடையாளம் காண ஏறக்குறைய கால் விநாடி போய்விடும். டிசிஎஸ் எனும் டிஜிட்டல் குறியீடு என்றால் 23 பிட், விநாடிக்கு 134.4 பிட் வேகம்; ஒரு முறை முழுதாக வந்து சேரவே 171 மில்லிசெகண்டு. ஆக, ஒரு சுற்று 2 விநாடியைத் தாண்டிவிடுகிறது. கிரேன் ஓட்டுபவரிடம் "நிறுத்து!" என்று கத்துவதற்கு ஒரு விநாடி கூடத் தேவையில்லை. அந்தச் சொல் வந்து போனதே அவர் ரேடியோவுக்குத் தெரியாமல் போகலாம்.

அதனால் பாதுகாப்புக்கு உரிய பேச்சு நடக்கும் சேனலை நீளமான ஸ்கேன் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்த வேலையில் இருப்பவர் அந்தச் சேனலிலேயே நிற்க வேண்டும், அல்லது அதற்கென்று தனி ரேடியோ வேண்டும். மற்றவர்களுக்கும் 4, 5 சேனலுக்கு மேல் பட்டியலில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியலில் 16 இடம் இருக்கிறது என்பதற்காக 16-ஐயும் நிரப்ப வேண்டியதில்லை. அப்புறம், பேசுகிறவர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும்: பிடிடி பட்டனை (பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பட்டன்) அழுத்தியதும் ஒரு விநாடி பொறுத்துப் பேசத் தொடங்குவது. ஸ்கேனில் இருப்பவருக்கு முதல் சொல் வெட்டுப்படாமல் போய்ச் சேர இதைவிட எளிய வழி கிடையாது.

முன்னுரிமைச் சேனல் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் உண்டு. முன்னுரிமை ஸ்கேன் நல்ல வசதிதான். ஆனால் வேறு சேனலில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிசீவர் இடையிடையே முன்னுரிமைச் சேனலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். அனலாக்கில் இது 'டிக், டிக்' என்று பேச்சில் விழும் சின்னச் சின்ன ஓட்டைகளாகக் கேட்கும். அந்த முன்னுரிமைச் சேனலில் ஆள் நடமாட்டம் அதிகம் என்றால் ஓட்டைகள் இன்னும் பெரிதாகும், ஒவ்வொரு முறையும் டோனைச் சரிபார்க்க வேண்டுமே. உண்மையிலேயே அவசரத்துக்கான, பெரும்பாலும் அமைதியாக இருக்கும் சேனல் ஒன்றை மட்டும் முன்னுரிமையில் வையுங்கள்.

பதில் எந்தச் சேனலில் போகிறது?

ஓட்டுநர்களை அதிகம் குழப்புவது இதுதான். ரேடியோ 1-ஆம் சேனலில் வைக்கப்பட்டிருக்கிறது, ஸ்கேன் ஓடுகிறது. 5-ஆம் சேனலில் பணிமனை கூப்பிடுகிறது. ஓட்டுநர் ஒரு வளைவைத் தாண்டிவிட்டு மைக்கை எடுத்துப் பதில் சொல்கிறார். பதில் எங்கே போகும்? அது புரோகிராமிங்கைப் பொறுத்தது. கடைசியாகக் கேட்ட சேனலில் போகும்படி அமைக்கலாம். குமிழில் தேர்ந்தெடுத்த சேனலிலேயே போகும்படியும் அமைக்கலாம். எப்போதும் ஒரு குறிப்பிட்ட சேனலில் போகும்படியும் அமைக்கலாம். கேட்ட சேனலிலேயே பதில் என்று அமைத்திருந்தாலும், ஒருவர் பேசி முடித்த பின் ரேடியோ அங்கே காத்திருக்கும் நேரத்துக்குள் பட்டனை அழுத்தினால்தான் அது நடக்கும். அந்த நேரத்தை 2 விநாடி என்று வைத்துவிட்டு, வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் அதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 5 விநாடியாவது கொடுங்கள். எந்த முறை அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை ரேடியோவைக் கையாளும் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வண்டிக்கு வண்டி வெவ்வேறாக அமைக்காதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று மைக் மாட்டும் கொக்கி. பல மொபைல் (வண்டியில் பொருத்தும்) ரேடியோக்களில் மைக் கொக்கியில் இருக்கும்போதுதான் ஸ்கேன் ஓடும், கையில் எடுத்ததும் நின்றுவிடும். மைக் கொக்கியில் இருப்பதை ரேடியோ தெரிந்துகொள்வது கொக்கி வழியாக வண்டியின் உடம்போடு கிடைக்கும் எர்த் இணைப்பால். கொக்கியைப் பிளாஸ்டிக் டேஷ்போர்டில் திருகிவிட்டு எர்த் வயர் கொடுக்காமல் விட்டால், ரேடியோவைப் பொறுத்தவரை மைக் எப்போதும் கையிலேயே இருக்கிறது. ஸ்கேன் ஓடாது. சில சமயம் டோன் வடிகட்டலும் வேலை செய்யாமல், சம்பந்தமில்லாதவர்கள் பேச்செல்லாம் உள்ளே வரும். ரேடியோவைப் பழுது பார்க்கக் கழற்றும் முன் இந்த ஒரு வயரைப் பாருங்கள்.

ஸ்கேன் ஒரே சேனலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று, டோன் இல்லாத சேனல் ஏதோ பட்டியலில் இருக்கிறது, அங்கே வரும் இரைச்சல் ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைத்து வைக்கும் அமைப்பு) திறந்துவிடுகிறது. இன்னொன்று, ரிப்பீட்டரின் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வால். பேச்சு முடிந்த பிறகும் ரிப்பீட்டர் சில விநாடிகள் அலையை விடாமல் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் டோனும் சேர்ந்தே போனால் ஸ்கேன் அங்கேயே காத்து நிற்கும். வாலைச் சுருக்குங்கள், அல்லது வாலில் டோன் போகாதபடி அமையுங்கள்.

பேண்ட் விஷயத்தில் நடப்பவை

"யுஎச்எஃப் ரேடியோ 20 வேண்டும்" என்று மட்டும் எழுதி ஆர்டர் கொடுக்காதீர்கள். விஎச்எஃப், யுஎச்எஃப் இரண்டும் பேண்டுகளின் பெயர்கள்; யுஎச்எஃப் அலைவரிசையில் உயர்ந்தது. விஎச்எஃப் மொபைல் ரேடியோக்கள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை முழுதாக எடுக்கும். யுஎச்எஃபில் அப்படியில்லை. 400-470 ஒரு பிரிவு, 450-520 இன்னொரு பிரிவு என்று ஒரே மாடலே தனித்தனியாக வரும். உங்கள் உரிமத்தில் உள்ள அலைவரிசை 480 மெகாஹெர்ட்ஸ், கையில் வந்தது 400-470 பிரிவு என்றால் புரோகிராமிங் மென்பொருள் அந்த எண்ணை ஏற்கவே ஏற்காது. உரிமம் முதலில், அதைப் பார்த்து ரேடியோ.

விஎச்எஃபா யுஎச்எஃபா என்பது வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்தது. திறந்த வெளி, மேடு பள்ளம், மரங்கள் அடர்ந்த நீண்ட தூரம் என்றால் விஎச்எஃப். கட்டடங்கள், கிடங்குகள், இரும்புக் கூரைகளுக்கு நடுவே என்றால் குறுகிய அலை கொண்ட யுஎச்எஃப்; ஜன்னல், நடைபாதை போன்ற இடைவெளிகளில் அது எளிதாக நுழையும். 25 வாட்டை 50 வாட்டாக ஏற்றினால் கிடைப்பது 3 டெசிபல் என்ற சின்ன உயர்வுதான். பொருத்தமில்லாத பேண்டை வாட்டைக் கூட்டிச் சரிக்கட்ட முடியாது. 30-50 மெகாஹெர்ட்ஸ் கீழ் பேண்டும் இருக்கிறது, தூரம் நன்றாகப் போகும். ஆனால் அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஆன்டெனாவே 2 மீட்டரை நெருங்கும், வண்டியின் சொந்த மின் இரைச்சலும் அங்கே அதிகம் தொந்தரவு செய்யும்.

விஎச்எஃபில் இருக்கும் குழுவையும் யுஎச்எஃபில் இருக்கும் குழுவையும் ஸ்கேன் இணைத்துவிடும் என்று நம்புவது அடிக்கடி நடக்கிற தவறு. ஒற்றை பேண்ட் ரேடியோவின் ஸ்கேன் அதன் பேண்டுக்குள்ளேதான் சுற்றும். இரு பக்கமும் பேச வேண்டுமென்றால் இரண்டு ரேடியோ, அல்லது பல பேண்ட் ரேடியோ, அல்லது கட்டுப்பாட்டு அறையில் இரண்டையும் இணைக்கும் கருவி. பல பேண்ட் ரேடியோ விலை கூடுதல். அதிலும் ஸ்கேனுக்கு இருப்பது ஒரு ரிசீவர்தான் என்றால் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும்.

ஆன்டெனாவிலும் ஏமாறலாம். 150 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய அரை மீட்டர் கம்பி 450-இல் முக்கால் அலையாக ஒத்திசையும். மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) அழகாகக் காட்டும். ஆனால் அலையின் பெரும்பகுதி அடிவானத்தை விட்டு மேல்நோக்கிப் போய்விடும், எதிர்முனையில் சிக்னல் மெலிந்து கேட்கும். இரண்டு பேண்டுக்கும் ஒரே ஆன்டெனா வேண்டுமென்றால் இரண்டுக்குமாகவே வடிவமைத்ததை வாங்குங்கள். கேபிளில் ஆகும் இழப்பும் யுஎச்எஃபில் அதிகம் என்பதால் மிச்சக் கேபிளைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணிக்காமல் தேவையான நீளத்துக்கு வெட்டுங்கள்.

கடைசியாக, சேனல் அகலம். பட்டியலில் சில சேனல் 25 கிலோஹெர்ட்ஸ், சில 12.5 என்று கலந்திருக்கலாம், தவறில்லை. ஒவ்வொரு சேனலும் எதிர்முனையோடு பொருந்த வேண்டும். அகலமாகக் கேட்கும் ரேடியோவில் குறுகிய சேனல் பேச்சு சன்னமாக வரும். குறுகலாகக் கேட்கும் ரேடியோவில் அகலமான பேச்சு கரகரத்துச் சிதையும். ஸ்கேன் செய்யும்போது ஒரு சேனல் மெதுவாகவும் அடுத்தது அலறலாகவும் கேட்டால், வால்யூம் குமிழைத் திருகுவதற்கு முன் இந்த அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.