நீலகிரி டீல சோப்பு வாசனை வந்தா டப்பா மூடிய பாருங்க

குன்னூர்ல வாங்குன கிரீன் டீ அது, முதல் வாரம் அருமையா இருந்துச்சு, அப்புறம் திடீர்னு குடிக்கிறப்ப எல்லாம் சோப்பு தண்ணி மாதிரி ஒரு வாசனை. கப்ப சரியா அலசலையோன்னு வெந்நீர்ல கழுவுனேன், கேன் தண்ணிக்கு மாறுனேன், கெட்டில்ல வினிகர் ஊத்தி கொதிக்க வச்சேன், கொதிக்கிற தண்ணி வேணாம்னு 80 டிகிரிக்கு ஆற வச்சும் பாத்தேன். கசப்பு குறைஞ்சுது, வாசனை போகல. அஞ்சு நாள் வீண்.

கடைசில தூள மோந்து பாக்காம அத போட்டு வச்சிருந்த டப்பாவ காலி பண்ணி மூடிய மோந்து பாத்தேன், அங்கதான் இருந்துச்சு! அதுல முன்னாடி ஏர்ல் கிரேங்கிற வாசனை சேத்த டீ வச்சிருந்தேன் (எனக்கு அது டால்கம் பவுடர குடிக்கிற மாதிரி, சொந்தக்காரங்க குடுத்தது). அந்த டீல சேக்குற பெர்கமாட் (எலுமிச்சை வகைல ஒரு பழம்) எண்ணெய் மூடில இருக்க ரப்பர் கேஸ்கட்ல ஊறி உக்காந்திருக்கு, டப்பாவ எத்தன தடவ கழுவுனாலும் கேஸ்கட்ட கழட்டுனதே இல்ல. டீ இலை பக்கத்துல இருக்க வாசனைய இழுத்துக்கும், மல்லிகை டீயே பூவோட இலைய சேத்து வச்சுதான பண்றாங்க.

கேஸ்கட்ட பேக்கிங் சோடால ஊற வச்சும் போகல, தூக்கி போட்டுட்டு புது எவர்சில்வர் டப்பா, புது பாக்கெட். இப்ப ஓகே.